மறுபாதிக் கல்

பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தும் வழுக்கல் போகவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பசை, கல்லின் விரிசல்களுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. விரலால் வழித்துப் பார்த்தாள். விரல் ரேகையில் ஏறிக்கொண்டு அதுவும் போக மறுத்தது.

“என்னடா இது? கல்லைக் கொண்டுவரச் சொன்னா எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவந்திருக்க?”

அடுத்த தட்டை மேசையில் இறக்கிக்கொண்டிருந்த தம்பி நிமிராமலே சொன்னான். “கிரீஸ்க்கா. எப்பவும் தடவற வெள்ளை கிரீஸ் தீர்ந்துபோச்சு. குழாயெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கிட்டு கழட்ட வரல. போர்வெல் வேலைக்கு வாங்கின பழைய டின் ஒண்ணு வண்டியில கிடந்துச்சு. அதைத் தடவினேன். இப்ப குழாயோட மரை வழுக்கிக்கிட்டு வருது.”

“மேடம்கிட்ட சொன்னியா?”

“மேடம் ஊர்ல இல்லையே. வந்ததும் சொல்லிக்கலாம். குழாய் உள்ளயே மாட்டியிருந்தா துளையும் போச்சு, குழாயும் போச்சு, நானும் போயிருப்பேன். எது பரவாயில்ல?”

அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் லாரி எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். மிச்சமிருந்த தண்ணீர் கல் அறுக்கும் ரம்பத்துக்கே காணாது. ஈரத் துணியால் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது.

அவளை அங்கே எல்லோரும் கல்லக்கா என்று கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க ஒரு கணம் ஆகும்.

மலைச்சரிவில் செம்பும் துத்தநாகமும் கிடைக்குமா என்று ஒரு கம்பெனி துளைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. முனையில் வைரத்தூள் பதித்த குழாய், பாறையை வட்டமாக வெட்டிக்கொண்டு இறங்கும். நடுவில் வெட்டுப்படாமல் நிற்கும் கல், குழாய்க்குள் உருளையாக ஏறி மேலே வரும். அதைக் கோர் என்பார்கள். அதை வரிசை மாறாமல் நீளத் தட்டுகளில் அடுக்கி, அடிவாரத்துத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். கல்லக்கா கழுவுவாள். கம்பெனியின் புவியியல் நிபுணரான மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து மஞ்சள் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். கோட்டின் மேல் ரம்பத்தை ஓட்டிக் கல்லை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பதும் கல்லக்காதான். ஒரு பாதி பையில் போட்டு லேபுக்குப் போகும். மறுபாதி தட்டுக்கே திரும்பி அலமாரியில் ஏறும். யாருக்காவது சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு. இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

கழுவுவதில் அவளுக்கு அனுபவம் அதிகம். சின்ன வயதில் ஓட்டலில் தட்டு. பிறகு மருந்துக் கம்பெனியில் பாட்டில். பிறகு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு, ஆள் வராத நாட்களில் நோயாளிகள். “கழுவித்தான் கஞ்சி குடிக்கணும்னு எழுதியிருக்கு” என்பாள். “கல்லு பரவாயில்ல. வலிக்குதுன்னு சொல்லாது. டாக்டரைக் கூப்பிடுன்னும் கத்தாது.”

கல் அவளுக்குப் பிடித்திருந்தது. காய்ந்திருக்கும்போது எல்லாக் கல்லும் ஒரே சாம்பல். தண்ணீர் பட்டால்தான் முகம் தெரியும். பச்சை, கறுப்பு, நடுவே பால் சிந்தியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. எப்போதாவது ஊசி நுனி அளவுக்கு ஒரு மினுக்கல். அப்போது மேடத்தைக் கூப்பிடுவாள். மேடம் பார்த்துவிட்டு, “இது வெறும் இரும்புக் கந்தகம்க்கா, ஏமாத்துக்காரன்” என்பார். “சரி, நல்லா மினுக்கிட்டுத் திரியட்டும்” என்று கல்லக்கா அதைக் கொஞ்சம் மெதுவாகத் தேய்ப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேடம் முதலில் பார்த்தது அவள் விரலைத்தான்.

“அந்த மோதிரத்தைக் கழட்டிடணும்க்கா. வளையலும்.”

“இது தங்கம்மா.”

மேடம் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது அந்தப் பெண் படிப்பை முடித்து. சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“தங்கம் இல்லக்கா. பித்தளை. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். நாம தேடறதே அதைத்தான். கல்லுல உரசினா லேப்ல வந்துடும். உங்க மோதிரத்தைப் போய் நாம மலைக்குள்ள கண்டுபிடிக்கக் கூடாதில்லையா?”

கல்லக்கா சிரித்துவிட்டாள். மோதிரத்தைப் போட்டவன் பெரிய ஊருக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டவன். இவ்வளவு காலமும் அவனிடம் ஒரே ஒரு நல்ல குணம் மிச்சமிருந்தது, தங்கம் போட்டான் என்று. சோப்புப் போட்டுக் கழற்றினாள். அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். மேடம்தான் பயந்துபோய் இரண்டு தடவை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தம்பியை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். துளைபோடும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையிலிருந்து நின்றுவிட, “என் தம்பி இருக்கான், கிணத்துக்குத் துளை போடறவன், நல்லா ஓட்டுவான்” என்று மேடத்திடம் சொன்னாள். ஓட்டத்தான் செய்தான். அதற்குமுன் எங்கேயும் நிலைத்ததில்லை. தண்ணீர் வந்தாலும் அடுத்த ஊர், வராவிட்டாலும் அடுத்த ஊர். அவன் மனைவி கொஞ்ச காலம் கூடவே அலைந்தாள். பிறகு ஒரு நாள், பாத்திரங்களை மூட்டை பிரிக்காமலே அம்மா வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. “ஒரே ஊர்ல ஒரு வருஷம் இரு. அப்புறம் கூப்பிடு, வர்றேன்” என்றாள். அவ்வளவுதான்.

பசை ஒட்டிய அந்தக் கற்கள் வந்தது கடைசித் துளையின் அடியிலிருந்து. அதற்கு முந்திய துளைகள் எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரர்கள்தான் கிடைத்தார்கள். இதிலும் இல்லையென்றால் மூட்டை கட்டுவது என்று தலைமை அலுவலகத்தில் முடிவாகியிருந்தது. தட்டுகள் கழுவப்பட்டு, பிளக்கப்பட்டு, பாதி லேபுக்குப் போனது. மேடம் திரும்பி வந்தார். தம்பி கிரீஸைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டான். கல்லக்காவும் மறந்துவிட்டாள். அதுவரையில் அது ஒரு பொருட்டாகவே இல்லை.

லேப் முடிவு வந்த அன்று மேடம் கொட்டகைக்குள் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

“அக்கா, டீ போடுங்க. வேணாம், இருங்க, நானே போடறேன்.”

“என்னம்மா, கல்யாணமா?”

“அதைவிடப் பெருசு. ஜிங்க் ஏறுதுக்கா, துத்தநாகம்! மேல ஒண்ணுமே இல்ல, அடியில வரவர ஏறிக்கிட்டே போகுது. வெட்டி எடுக்கற அளவு இல்ல. ஆனா பக்கத்துல எங்கேயோ இருக்கு. சமையல்கட்டு தெரியலை, தாளிக்கற வாசனை வருது. அந்த மாதிரி.”

“எந்தத் தட்டும்மா?”

“கடைசி நாலு.”

கல்லக்கா கைகளை மேலங்கியில் துடைத்தாள். அவை ஈரமாக இல்லை. வாசலில் நின்றிருந்த தம்பி தரையைப் பார்த்தான். மேடம் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்களாலதான் அண்ணா, குழாய் மாட்டாம அடிவரைக்கும் கொண்டுபோனீங்க” என்றபோது அவனும் சிரித்தான். வேறு என்ன செய்வான்?

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியின் பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

“அது கிரீஸ்டா.”

காற்றில் கேட்காததுபோல் ஓட்டினான். மறுபடி சொன்னாள். வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“டின்ல ஜிங்க்னு போட்டிருந்துச்சு” என்றான். “இன்னிக்குத்தான் போய்ப் படிச்சேன்.”

“நாளைக்குக் காலைல மேடம்கிட்ட சொல்லிடு.”

“கொஞ்சம் கிரீஸா இருக்கும்க்கா. மிச்சம் நிஜமா இருக்கலாம்ல? மலைக்குள்ள என்ன இருக்குன்னு நீ போய்ப் பார்த்தியா?”

“நான் பார்க்கல. அதனாலதான் சொல்லச் சொல்றேன்.”

“சொல்றேன். புதுத் துளைக்கு ஒரு வருஷம் ஆகும்னாங்க. அவளுக்குப் போன் பண்ணிட்டேன். வரட்டும். வந்து ஒரு வாரம் இருக்கட்டும். அப்புறம் சொல்றேன்.”

தம்பியின் மனைவி வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி, சாக்கில் கட்டிய பாத்திரம். வந்ததும் வராததுமாக ஜன்னலைச் சாண் போட்டு அளந்தாள். “அண்ணி, இங்க ஆணி அடிக்கலாமா? இல்ல இதுவும் கயிறு கட்டற வீடுதானா?” என்று கேட்டாள். கேட்டது நாத்தனாரிடம், பார்த்தது கணவனை. “அடி, அடி” என்றான் அவன். “சுவரே விழுந்தாலும் பரவாயில்ல, அடி.” அவள் ஐந்தாறு ஆணி அடித்தாள். ஒன்றில் திரை, ஒன்றில் அவன் சட்டை, மற்றவற்றில் தற்போதைக்கு ஒன்றுமில்லை. கல்லக்கா பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாரம் போயிற்று. அவன் சொல்லவில்லை. கல்லக்காவும் சொல்லவில்லை. மேடம் மலையின் மறுபக்கத்தில் இடம் பார்த்துவிட்டு வந்தார். பெரிய இயந்திரம் வரப்போவதாகப் பேச்சு. ஒருவரை ஒருவர் தாண்டிப் போகும்போது அக்காவும் தம்பியும் தேவைக்கு அதிகமாகக் கனைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மதியம் மேடம் வந்து சொன்னார்.

“அந்த நாலு தட்டோட மறுபாதி இருக்குல்ல, அதையும் லேபுக்கு அனுப்பச் சொல்றாங்க. பெரிய ரிக்கை, அந்தத் துளைபோடற மெஷினை, மலையில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்துக்கறதுக்கு. பையில போட்டுக் கட்டி வெச்சிடுங்கக்கா. காலைல லாரி வரும்.”

“அதேதான் திரும்பவும் வருமாம்மா?”

“வந்தா ரிக் வரும். வரலைன்னா...” மேடம் பென்சிலால் தலையைச் சொறிந்தார். “வரும்க்கா. ஏன் வராது?”

மேடம் மேலே போனார். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. கல்லக்கா அலமாரியிலிருந்து நான்கு தட்டுகளையும் இறக்கினாள். பிளந்த முகம் மழமழவென்று இருந்தது. முதுகுப் பக்கம், விரிசல்களில், அந்தச் சாம்பல் பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தெரிந்து பார்த்தால்தான் தெரியும்.

மறுபாதியைக் கழுவும் வழக்கம் இல்லை. கல்லுக்குக் குளியல் ஒருமுறைதான், வெட்டுவதற்கு முன்னால். அப்படியே பையில் போட்டுக் கட்டினால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்ன வேலையைச் செய்தாள் என்றுதான் ஆகும். பசையோடு போனால் பழைய முடிவே வரும். பெரிய ரிக் வரும். தம்பிக்கு ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் எவ்வளவோ நடக்கலாம், பிள்ளைகூடப் பிறக்கலாம். அதற்குப் பிறகு மலை காலி என்று தெரிந்தால் அது மலையின் குற்றம்.

முதல் தட்டைப் பைகளில் போட்டுக் கட்டினாள். எடைக்காகத் தூக்கிப் பார்த்தாள். ஓரமாக வைத்தாள். இரண்டாவது தட்டை எடுத்தாள். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய், கட்டிய பைகளையும் அவிழ்த்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. தம்பி. மேடம் மேலே அவனிடமும் சொல்லியிருக்க வேண்டும். வேகமாக இறங்கி வந்திருந்தான், மூச்சு வாங்கியது.

“என்ன பண்ற?”

“பார்த்தா தெரியல?”

“யாராவது கழுவச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு உனக்கு இந்த வேலை? நீ கல்லைக் கழுவல. என் அடுப்பைக் கழுவி ஊத்தற.”

“என் அடுப்பும்தான். கொட்டகையை மூடினா எனக்கு மட்டும் யாரு ஆக்கிப் போடுவா?”

“கழுவற மீன்ல நழுவற மீனா இருந்து தொலைய வேண்டியதுதானே. உன்னை யாரு கேட்கப்போறா?”

“யாரும் கேட்க மாட்டாங்க. அதான் கஷ்டமா இருக்கு.”

அவன் மேசையை எட்டி உதைத்தான். தட்டு அதிர்ந்து ஒரு துண்டு உருண்டது. இருவருமே சட்டென்று கையை நீட்டினார்கள். வரிசை மாறக் கூடாது. அவன்தான் பிடித்தான். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று பார்த்து அதன் இடத்தில் வைத்தான்.

“அவ ஆணியெல்லாம் அடிச்சுட்டாக்கா” என்றான். குரல் இறங்கியிருந்தது.

“கேட்டுச்சு.”

“நிஜமா இருந்தா? உள்ள ஜிங்க் நிஜமாவே இருந்து, நீ கழுவி, அது போயிருச்சுன்னா?”

“உள்ள இருக்கறது கழுவினா போகாதுடா. இத்தனை வருஷம் கழுவியிருக்கேன். ஒட்டினதுதான் போகும்.”

அவன் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தான். அவள் தேய்த்தாள். சோப்பு நுரை சாம்பலாகி வழிந்தது, ஆனால் விரிசலுக்குள் இருந்தது அசையவில்லை. பிரஷ்ஷின் பின்பக்கத்தால் குத்தினாள். ஊசி எடுத்துக் குடைந்தாள். ஒரு துண்டுக்கே இவ்வளவு நேரமென்றால் நான்கு தட்டும் முடிய விடிந்துவிடும். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு தடவை எதையோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டான்.

கடைசியில், “சோப்புக்கு அது மசியாது” என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“டீசல்ல ஊறணும். ஊறினப்புறம் சோப்பு. கிரீஸ் பிடிச்ச கையை நாங்க எப்படிக் கழுவறோம்னு நினைச்ச, மந்திரம் போட்டா?”

“டீசல் எங்க இருக்கு?”

“இரு” என்று எழுந்து போனான். அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். தகர டப்பாவில் ஊற்றினான். துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஊறப் போட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இன்னொரு பிரஷ்ஷை எடுத்தான்.

“நீ ஒண்ணும் தேய்க்க வேணாம்” என்றாள்.

“சும்மா இரு. உனக்குக் கல்லுதான் தெரியும். கிரீஸ் எனக்குத்தான் தெரியும்.”

இருவரும் தேய்த்தார்கள். பசை கறுப்பாக இளகி வந்தது. இடையில் அவன் மனைவி டீ பிளாஸ்கோடு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“என்ன அண்ணி, இவரையும் கழுவற வேலைக்குச் சேர்த்துட்டீங்களா? வீட்டுல ஒரு டம்ளர் கழுவ மாட்டாரு.”

“அக்கா வீட்டு வேலைக்குச் சம்பளம் உண்டு” என்றான்.

“எவ்வளவு?”

அவன் கல்லின்மேல் குனிந்துகொண்டான். அவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். டீயை ஊற்றி, கை படாத இடமாகப் பார்த்து வைத்தாள். போகவில்லை. “என்ன ஆச்சு?” என்றாள்.

“டீயைக் குடிச்சுட்டு சொல்றேன்” என்றான் அவன்.

சொன்னான். கிரீஸ், டின், தண்ணீர் இல்லாத நாள், எல்லாவற்றையும் வரிசையாக. தன் அக்கா ஈரத் துணியால் துடைத்ததை மட்டும் விட்டுவிட்டான். “நானும்தான்” என்று கல்லக்கா அதைச் சேர்த்தாள். கேட்டு முடித்ததும் அவன் மனைவி காலி டம்ளர்களைக் குழாயடியில் அலசினாள். பிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகிக்கொண்டு வெளியே போனாள். வீட்டுப் பக்கம் போகிறாளா, பேருந்து நிறுத்தப் பக்கம் போகிறாளா என்று தம்பி எட்டிப் பார்த்தான். வீட்டுப் பக்கம்தான்.

மறுநாள் காலை லாரி தாமதமாக வந்தது. பைகள் கட்டி, எண் எழுதி, வாசலில் தயாராக இருந்தன. மேடம் ஒன்றை முகர்ந்து பார்த்து, “ஏன் டீசல் வாடை?” என்று கேட்டார். தம்பி சொன்னான். மேடம் வாளியின்மேல் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். “எனக்கே கொஞ்சம் இடிச்சுது. கல்லுல கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேன்னு நினைச்சேன். ஆனா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு” என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, அன்றைக்கே போன் பண்ணியிருக்கலாமே என்றார். அவன் ஆமாம் என்றான். டின்னைக் கொண்டுவரச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். பைகளை லாரியில் ஏற்றினார்கள். மேடம் கொட்டகைக்கு வெளியே நின்று தலைமை அலுவலகத்தோடு நெடுநேரம் பேசினார். உள்ளே வந்து, முடிவு வரும்வரை இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்றும், மற்ற தட்டுகளில் எங்கெல்லாம் அந்த கிரீஸ் இருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். மதியம்வரை மூவரும் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார்கள். வேறு எதிலும் இல்லை. வெயில் அதிகமாக இருந்ததால் தகரக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, தம்பியின் மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். அவன் சாப்பாட்டில் உப்பு இல்லை. கல்லக்காவின் சாப்பாட்டில் இருந்தது. பிற்பகலில் ரம்பத்துக்குப் புது பிளேடு வந்தது. அதை மாட்ட வேலை இல்லாததால் பிரிக்காமல் வைத்தார்கள். ஐந்து மணிக்குக் கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.